லஃப்ராய்க் 10: தென்னை நாட்டுக்கு வந்து சேர்ந்த பீட் புகை

பொள்ளாச்சி வட்டாரத்தில் ‘பீட்’ என்று சொன்னால் தென்னை நார்த்தூள் என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள். மட்டையை அடித்து மஞ்சியைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் அந்தத் தூளை ஒரு காலத்தில் நார் மில்களுக்குப் பின்னால் மேடாகக் குவித்து, அது எப்போது தொலையும் என்று காத்திருந்தோம். இன்று அதையே நல்ல தண்ணீரில் கழுவி உப்பை இறக்கி, களத்தில் காயவைத்து, 5 கிலோ கட்டிகளாக அழுத்தி, ‘கோகோ பீட்’ என்ற பெயரில் கப்பலேற்றுகிறோம். அந்தப் பெயரின் பிற்பாதி ஐரோப்பியச் சதுப்பு நிலங்களில் வெட்டியெடுக்கப்படும் வேறொரு பொருளுக்கு உரியது என்பதும், அந்தப் பொருளுக்கு மாற்றாகவே நம் தூள் வாங்கப்படுகிறது என்பதும் இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு வியாபாரச் செய்திகளாகத் தெரிந்திருந்தன. அசல் பீட் எப்படி மணக்கும் என்பதை அறிய நேர்ந்ததோ ஒரு கோப்பை விஸ்கியில். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வடிக்கப்படும் லஃப்ராய்க் 10 ஆண்டு சிங்கிள் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டை மட்டும் கொண்டு ஒரே வடிசாலையில் வடித்தது) என்ற அந்த விஸ்கியைப் பற்றியதே இந்த மதிப்புரை.

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் தோட்டக்கலைக் கண்காட்சிக்குச் சென்றிருந்தபோது, எங்களிடம் நெடுநாளாகச் சரக்கெடுக்கும் ஒரு டச்சு வியாபாரி இரவு உணவுக்குப் பிறகு இதை வாங்கிக் கொடுத்தார். உங்கள் சரக்கு எந்தப் பொருளின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறதோ அந்தப் பொருளின் புகை இதற்குள் இருக்கிறது, முகர்ந்து பாருங்கள் என்றார். அதுவரை விஸ்கி என்பது எனக்கு விசேஷ வீடுகளில் சோடாவோடு கலந்து கொடுக்கப்படும் ஒரு பானம் என்ற அளவில்தான் இருந்தது. நம் நாட்டில் அந்தப் பெயரில் மலிவாக விற்பவற்றில் பெரும்பகுதி, சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸிலிருந்து எடுத்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது என்பதால், அவற்றைக் குடித்து வளர்ந்த நாக்குக்கு மணத்தைத் தேடும் பழக்கமே வருவதில்லை. கோப்பையை மூக்கருகே கொண்டுபோன நொடியில் என் நினைவுக்கு வந்தது சிறு வயதில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மருத்துவமனையின் கட்டுப் போடும் அறைதான். டிஞ்சர், பஞ்சு, கழுவிய தரை, எங்கோ காய்ச்சும் தார் ஆகிய எல்லாம் அதில் இருந்தன. மரியாதைக்காக ஒரு வாய் குடித்தேனே தவிர, பிடித்திருக்கிறது என்று சொன்னது பொய்.

ஆனால் அந்த மணம் விடுதி அறை வரை கூடவே வந்தது. குடித்து ஒரு மணி நேரம் கழித்தும் தொண்டையின் அடியில் அணைந்த அடுப்பின் சூடுபோல ஏதோ ஒன்று இருந்துகொண்டே இருந்தது. மறுநாள் மாலை, யாரும் வற்புறுத்தாமலே, அதே விடுதியில் அதையே மறுபடியும் கேட்டு வாங்கினேன். இரண்டாவது முறை அந்த மருத்துவமனை வாசம் சற்று ஒதுங்கி நின்று, பின்னாலிருந்த இனிப்புக்கு வழி விட்டது. ஊர் திரும்பும்போது விமான நிலைய டியூட்டி ஃப்ரீ கடையில் ஒரு பாட்டிலை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். வெளிநாட்டிலிருந்து வருபவர் 2 லிட்டர் வரை தீர்வையில்லாமல் கொண்டுவரலாம் என்பதால் அதில் சிக்கல் எதுவும் இல்லை. நான் கொடுத்தது ஐந்தாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

அந்த மருத்துவமனை வாசத்துக்கு நேரான காரணம் உண்டு. முளைகட்டிய பார்லியைச் சூளையில் உலர்த்தும்போது, அது இன்னும் ஈரமாக இருக்கும் நிலையில் அடியில் பீட்டை மூட்டுகிறார்கள். எழும் புகையிலுள்ள பினால், கிரெசால், குவாயகால் முதலிய சேர்மங்கள் தானியத்தின் ஈரமான உமியில் படிந்துகொள்கின்றன. ஜோசப் லிஸ்டர் 1865-இல் கிளாஸ்கோ மருத்துவமனையில் காயங்களில் சீழ் பிடிக்காமலிருக்கப் பயன்படுத்திய கார்பாலிக் அமிலம் என்பதும் பினால்தான். நம் வீடுகளில் தரை கழுவும் பினாயிலின் பெயரிலும் அதுவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே லஃப்ராய்க்கில் மருத்துவமனை மணக்கிறது என்று சொல்பவர் கற்பனையாகச் சொல்லவில்லை. அந்த இரண்டிலும் இருப்பது ஒரே குடும்பத்துச் சேர்மங்கள். கடற்கரையை ஒட்டிய தீவு என்பதால் அயோடின், கடற்பாசி போன்ற ஒரு சாயலும் சேர்ந்துவிடுகிறது. அமெரிக்காவில் மதுவிலக்கு நடப்பிலிருந்த 1920-களில் இதை மருந்து என்று சொல்லி அங்கே விற்றார்கள் என்பது அந்த வடிசாலையைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மூடியைத் திறந்தவர் யாரும் அதை நம்பியிருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து ‘இஸ்லே’ என்று படிக்கத் தோன்றும் அந்தத் தீவின் பெயரை அங்குள்ளவர்கள் ‘ஐலா’ என்கிறார்கள். சுமார் 3,000 பேர் வாழும் அந்தத் தீவில் மரங்கள் குறைவு, மழையும் காற்றும் மிகுதி. எரிக்க விறகு இல்லாத நிலத்தில் காலடியிலிருந்த பீட்டையே அவர்கள் வெட்டி, அடுக்கி, காயவைத்து அடுப்புக்கும் சூளைக்கும் பயன்படுத்தினார்கள். விஸ்கியில் புகை ஏறியது அப்படித்தான். லஃப்ராய்க் வடிசாலையை ஜான்ஸ்டன் சகோதரர்கள் 1815-இல் தொடங்கினார்கள். அதே தென்கரையில் அடுத்தடுத்து லாகாவூலின், ஆர்ட்பெக் என்ற வடிசாலைகளும் இருக்கின்றன. பார்லியைத் தரையில் பரப்பி, ஆள் வைத்துப் புரட்டி முளைகட்டும் பழைய முறையை இன்றும் முழுதாகக் கைவிடாத சில வடிசாலைகளில் லஃப்ராய்க்கும் ஒன்று. தனக்கு வேண்டிய மால்ட்டில் ஒரு பகுதியை அது அப்படியே தயாரித்துக்கொள்கிறது. களத்தில் நார்த்தூளை ஆட்கள் பலகை கொண்டு இழுத்துப் புரட்டுவதை அன்றாடம் பார்க்கும் எனக்கு அந்த வேலையின் பொறுமையும் முதுகுவலியும் புரிகின்றன. 1934-இல் ஒரு கோடைக்காலத்துக்குத் தட்டச்சு வேலை செய்ய வந்த பெஸ்ஸி வில்லியம்சன் என்ற பெண்மணி, 1954-இல் அந்த வடிசாலையின் பொறுப்பை ஏற்று, 1972-இல் ஓய்வு பெறும் வரை அதை நடத்தினார் என்ற வரலாற்றையும் மதிப்போடு குறிப்பிட வேண்டும்.

இனி பாட்டிலுக்கு வருகிறேன். எங்கள் வீடு மது வருவதை விரும்பாத வீடு. அதை நான் மாற்ற முயன்றதில்லை. தோட்டத்துச் சாளையின் மேற்குப் பார்த்த திண்ணைதான் இதற்கான இடம். ஜூன், ஜூலை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் சாரல் கலந்திருக்கும்போது அங்கே உட்கார்ந்து குடித்ததற்கும், ஏப்ரல் வெயிலில் குடித்ததற்கும் இடையே பெரிய வேறுபாடு இருப்பதைக் கண்டேன். 35 பாகை வெயிலில் கோப்பையில் ஊற்றினால் முதலில் ஆவியாகி வருவது சாராயத்தின் காரம்தான்; அது மூக்கை அடைத்துவிட்ட பிறகு எந்த மணமும் பிடிபடாது. கோடையில் குடிப்பதானால், பாட்டிலை மண்பானைக்குப் பக்கத்தில் சிறிது நேரம் வைத்திருந்து, இருட்டிய பிறகு திறப்பது நல்லது. பனிக்கட்டி போடக் கூடாது. குளிர் மிகுந்தால் புகையின் கசப்பு மட்டும் நின்று இனிப்பு அடங்கிப்போகிறது. வாய் குறுகிய சிறு கண்ணாடிக் கோப்பையில் 30 மில்லி ஊற்றி, ஒரு சிறு தட்டால் ஐந்து நிமிடம் மூடி வைத்துவிட்டுப் பிறகு திறந்து முகர்வது என் வழக்கமாகிவிட்டது.

நிறத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தேன் நிறம், ஆனால் ஸ்காட்ச் விஸ்கிக்கு நிறத்துக்காகக் கேரமல் சேர்ப்பதைச் சட்டமே அனுமதிக்கிறது என்பதால், நிறத்தைப் பார்த்துத் தரத்தை மதிப்பிடுவதை நான் விட்டுவிட்டேன். மணத்தில் முதல் அலை, மேலே சொன்ன டிஞ்சரும் தாரும். அது அரை நிமிடத்தில் தணிகிறது. இரண்டாவதாக எழுவது, ஈர விறகு எரியும்போது வரும் கண் கரிக்கும் புகையைப் போலில்லாமல், எரிந்து முடிந்த கங்கின் மேல் யாரோ உப்புத் தண்ணீர் தெளித்ததைப் போன்ற ஒரு மணம். மூன்றாவது மணம்தான் என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தது. அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாயில் வைத்ததும் எதிர்பார்த்ததற்கு மாறாக இனிக்கிறது. நாட்டுச்சர்க்கரைப் பாகு லேசாகத் தீய்ந்த நிலையில் இருக்கும் இனிப்பு அது. அந்த இனிப்பு நாக்கின் நடுவே வருவதற்குள் புகை மேலண்ணத்தில் ஏறிவிடுகிறது; பக்கவாட்டில் உப்பும் மிளகும் தெரிகின்றன. விழுங்கிய பிறகு நிற்பது சாம்பல், அதிமதுரத்தின் கசப்பினிப்பு, கடைசியில் வெகு நேரம் கழித்துக் கருவாட்டுக் கூடையின் மெல்லிய நினைவு. நான் வாங்கிய பாட்டிலில் சாராயத்தின் அளவு 40 சதவீதம். சில நாடுகளில் இதே விஸ்கி 43 சதவீதத்தில் கிடைக்கிறது. கிடைக்கும் இடத்தில் அதையே வாங்கச் சொல்வேன். புகையைத் தாங்கிப் பிடிக்க அந்த மூன்று சதவீதம் உதவுகிறது.

தண்ணீர் சேர்ப்பதா வேண்டாமா என்ற வாதத்தில், நான் சேர்க்கும் பக்கம். ஆனால் கோப்பையை நிரப்பும் தண்ணீர் அல்ல. தேக்கரண்டியின் நுனியில் எடுத்த நாலைந்து துளிகள் போதும். கோயமுத்தூர்க்காரர்கள் சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள் என்பது தெரிந்ததே. இந்த விஷயத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. எங்கள் தோட்டத்து ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு விஸ்கியின் உப்போடு சேர்ந்து வாயைக் கெடுத்தது. தங்கை வீட்டிலிருந்து கொண்டுவந்த சிறுவாணித் தண்ணீரைத் துளித்துளியாக விட்டபோது, புகை விலகி உள்ளேயிருந்த பார்லியின் மாவு வாசம் வெளியே வந்தது.

இப்போது அந்த மூன்றாவது மணம். எங்கள் அம்மாவின் ஊர் பவானிக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில் இருக்கிறது. ஈரோடு, நாமக்கல், சேலம் பகுதிகளில் ஆடி முதல் நாளில் தேங்காய் சுடும் வழக்கம் உண்டு. நார் நீக்கி வழவழப்பாகத் தேய்த்த தேங்காயின் ஒரு கண்ணைத் துளைத்து, தண்ணீரை வடித்து, உள்ளே வெல்லமும் பொட்டுக்கடலையும் எள்ளும் அவலும் போட்டு, அழிஞ்சிக் குச்சியைச் செருகி மூடி, வாசலில் மூட்டிய தீயில் சுழற்றிச் சுழற்றிச் சுடுவார்கள். ஓடு கருகி வெடிக்கும் நேரத்தில் வரும் வாசத்தில் கரியும் தேங்காயெண்ணெயும் உருகிய வெல்லமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கும். பள்ளி விடுமுறை கிடைக்காத ஆண்டுகளில்கூட அந்த ஒரு நாளுக்காக நான் ஊருக்குப் போயிருக்கிறேன். சாளைத் திண்ணையில் உட்கார்ந்து முகர்ந்த லஃப்ராய்க்கின் அடியில் இருந்தது, அதே சுட்ட தேங்காயின் வாசம். முதலில் என் தொழில் காரணமாக எனக்கு மட்டும் தோன்றும் பிரமை என்றுதான் எண்ணினேன். தென்னையோடு பிறந்து வளர்ந்தவன் எதில்தான் தேங்காயைக் காணமாட்டான்?

அது பிரமை அல்ல என்பது பிறகு தெரிந்தது. அமெரிக்காவின் போர்பன் விஸ்கியைச் சட்டப்படி புதிய, உட்புறம் கருக்கிய ஓக் பீப்பாய்களில்தான் ஊற வைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய அந்தப் பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்கு வருகின்றன. லஃப்ராய்க் 10 ஆண்டுகள் உறங்குவது அவற்றில்தான். அமெரிக்க வெள்ளை ஓக் மரத்தில் ‘விஸ்கி லாக்டோன்’ என்றே பெயர் பெற்ற ஒரு சேர்மம் மிகுதியாக இருக்கிறது. அதன் மணம் தேங்காய் மணம். மரத்திலிருந்து வெண்ணிலா வாசத்தைக் கொடுக்கும் வெனிலினும் கூடவே இறங்குகிறது. ஆக, அந்தக் கோப்பையில் இருந்தவை ஒரு தீவின் மண்ணை எரித்த புகையும், ஓக் மரம் கொடுத்த தேங்காயும், தீயில் கருகிய சர்க்கரையும். எங்கள் பாட்டி வாசலில் இருந்தவையும் ஏறக்குறைய இவையே. எஸ்ஸனில் முதல் வாய் பிடிக்காமல் போனபோதும் அது ஏன் என்னை விடாமல் பின்தொடர்ந்தது என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான்.

பீட் என்றால் என்ன என்பதையும் நம் பக்கத்து மலையை வைத்தே சொல்லலாம். தண்ணீர் தேங்கிய குளிர்ந்த பள்ளங்களில் செத்த பாசியும் புல்லும் புதரும் காற்றுப் படாமல் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து பழுப்பு நிறக் களியாக இறுகுவதே பீட். மேட்டுப்பாளையத்துக்கு மேலே, உதகையை அடுத்த சாண்டிநல்லா போன்ற நீலகிரிப் பள்ளங்களில் அது இருக்கிறது. அங்கே தோண்டியெடுத்த பீட் அடுக்குகளைக் கொண்டு 20,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தட்பவெப்ப மாற்றங்களை ஆய்வாளர்கள் படித்திருக்கிறார்கள். அது வளரும் வேகம் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் ஆழத்துக்கு வெட்டினால் ஓராயிரம் ஆண்டுகளை வெட்டுகிறோம் என்று பொருள். ஐலாவின் பீட்டில் பாசியோடு ஹெதர் என்ற புதர்ச் செடியின் வேரும் தண்டும் கலந்திருக்கின்றன. எந்தச் செடி மக்கியதோ அதற்கேற்ப புகையின் மணம் மாறும் என்பது, மாவிறகுக்கும் வேலிக்காத்தான் விறகுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த நமக்கு எளிதில் விளங்கும்.

புகையின் அளவை ‘பி.பி.எம்.’ என்ற எண்ணில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு பினால் என்று குறிக்கிறார்கள். லஃப்ராய்க்குக்கு இது 40 முதல் 45 வரை, லாகாவூலினுக்கு 35 அளவில், ஆர்ட்பெக்குக்கு 55 அளவில். இந்த எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொண்டு பாட்டில் வாங்குபவர்கள் ஏமாந்துபோக வாய்ப்புண்டு. ஏனென்றால் இது மால்ட்டில் அளந்த எண். பாட்டிலுக்குள் இருக்கும் விஸ்கியில் அளந்தது அன்று. அரைத்து, ஊறவைத்து, புளிக்கவைத்து, செம்பு வடிகலனில் இரண்டு முறை வடிக்கும்போது பாதிக்கு மேல் தொலைந்துபோகிறது. வடிப்பின் பிற்பகுதியில் புகைச் சேர்மங்கள் கூடுதலாக வரும் என்பதால், எந்த இடத்தில் வடிப்பை நிறுத்துகிறார்கள் என்பதும் முக்கியம். பீப்பாயில் ஆண்டுகள் ஏற ஏறப் புகை மேலும் தணியும். கவோல் ஈலா என்ற ஐலா விஸ்கியும் லாகாவூலினும் ஏறக்குறைய ஒரே அளவு புகையூட்டிய மால்ட்டிலிருந்து உருவாகின்றன. ஆனால் வடிகலனும் வடிக்கும் முறையும் வேறு என்பதால், முன்னது எலுமிச்சைத் தோலைத் தணலில் வாட்டியதுபோல இலேசாகவும், பின்னது கெட்டியாகவும் இருக்கின்றன.

லஃப்ராய்க்கின் பாட்டில் பாதியாவதற்குள் மற்றவற்றையும் தேடத் தொடங்கிவிட்டேன். லாகாவூலின் 16 ஆண்டு, 43 சதவீதம், மிக நயமானது. அதில் புகை முன்னால் பாய்ந்து வராமல் உலர்ந்த திராட்சைக்கும் தேயிலைக்கும் பின்னால் மெதுவாக வருகிறது. விலை அதிகம், நான் அதை இரண்டு மாலைகளில் மட்டுமே குடித்திருக்கிறேன், அதனால் அதைப் பற்றி உறுதியாகப் பேசுவதற்கில்லை. ஆர்ட்பெக் 10 ஆண்டு, 46 சதவீதம், புகை மிகுந்திருந்தாலும் மருத்துவமனை வாசம் குறைவு. புளிப்பும் மிளகும் கூடுதல். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் வடிக்கப்படும் டாலிஸ்கர் 10 ஆண்டு, 45.8 சதவீதம், புகைக்குப் புதியவர்களுக்கு நல்ல தொடக்கம் என்பேன். அதன் புகை தூரத்துக் காட்டில் எரியும் தீயைப் போன்றது. வாயின் கடைசியில் வரும் மிளகுக் காரம் நம் ஊர் நாக்குக்கு உடனே பழகிவிடும்.

நம் நாட்டில் செய்யப்படும் இரண்டையும் விட்டுவிட முடியாது. பெங்களூருவின் அம்ருத் நிறுவனம் தன் சிங்கிள் மால்ட்டை 2004-இல் கிளாஸ்கோவிலேயே கொண்டுபோய் அறிமுகம் செய்தது. அவர்களுடைய ‘பீட்டட்’ வகை, ஸ்காட்லாந்திலிருந்து வரவழைத்த புகையூட்டிய மால்ட்டில் செய்து, 46 சதவீதத்தில் விற்கப்படுகிறது. கோவாவின் பால் ஜான் நிறுவனத்தின் ‘போல்ட்’ வகையும் 46 சதவீதம். பெங்களூருவில் இருக்கும் நண்பர் வீட்டில் இரண்டையும் ஒரே மாலையில் அருந்தினேன். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகும்போது, பெங்களூருவில் அது 10 சதவீதத்தைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் மரத்தின் சாறு விரைவாக இறங்கிவிடுவதால், நம் விஸ்கிகள் நாலைந்து ஆண்டுகளிலேயே முற்றிய சுவையை எட்டிவிடுகின்றன. அம்ருத்தில் புகைக்கு அடியில் பார்லியின் இனிப்பு பெருத்திருக்கிறது. போல்டில் தேனும் மிளகாய்க் காரமும் இருக்கின்றன. கறியோடு குடிக்க அதுவே பொருத்தம். கடலின் உப்பும் அயோடினும் இரண்டிலும் இல்லை. அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. அவை வேறு நிலத்தின் விஸ்கிகள். லஃப்ராய்க் கிடைக்காத இடத்தில் அவற்றை வாங்கினால் யாரும் ஏமாறமாட்டார்கள்.

ஒரே ஒரு கசப்பான அனுபவத்தைப் பதிவு செய்ய வேண்டும். கோவையின் ஒரு விடுதி மதுக்கூடத்தில் புகையூட்டிய மால்ட் ஒன்றைக் கேட்டபோது, கோப்பையின் விளிம்பு வரை பனிக்கட்டியை நிரப்பி, கேட்காமலே சோடாவையும் ஊற்றிக் கொண்டுவந்தார்கள். மறுபடியும் வெறுமையாகக் கேட்டு வாங்கினால் அதில் புகையே இல்லை. பாட்டில் திறந்து பல மாதங்களாகி, கால்வாசி மட்டும் மிஞ்சி, சூடான விளக்கின் அடியில் காட்சிக்கு நின்றுகொண்டிருந்தது. திறந்த பாட்டிலில் காற்று மிகுந்து விஸ்கி குறையக் குறைய முதலில் போவது புகைதான். முழுப் பாட்டிலைத் திறந்தவர் ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுவதும், முடியாதவர் சிறு பாட்டிலில் விளிம்பு வரை மாற்றி இருட்டறையில் நிற்க வைப்பதும் நல்லது. படுக்க வைத்தால் தக்கை கெட்டுவிடும்.

இந்த விஸ்கியை நேசிக்கும் எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் இந்த மதிப்புரை அரைகுறையாகிவிடும். உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய 3 சதவீதமே உள்ள பீட் நிலங்கள், காடுகள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட மிகுதியான கரிமத்தைத் தம்முள் புதைத்து வைத்திருக்கின்றன. அவற்றை வெட்டுவதைக் குறைக்கத்தான், வீட்டுத் தோட்டங்களுக்கான பீட் விற்பனையை நிறுத்தப்போவதாக 2022-இல் இங்கிலாந்துக்கான அறிவிப்பு வந்தது. அந்தக் கொள்கையால் எங்கள் களங்களுக்கு வேலை கிடைக்கிறது. தோட்டத்துக்கு வெட்டுவதோடு ஒப்பிட்டால் விஸ்கிக்காக எரிப்பது சிறு பங்குதான் என்பது உண்மை. ஆனாலும் ஆயிரம் ஆண்டுகளில் ஒரு மீட்டர் வளரும் பொருளை எரித்த புகை இது என்ற நினைவு, கோப்பையை எடுக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வருகிறது. நான் 30 மில்லியோடு நிறுத்திக்கொள்வதற்கும், வாரத்தில் ஒரு நாளைத் தாண்டாததற்கும் உடல்நலத்தோடு அதுவும் ஒரு காரணம்.

உடன் என்ன சாப்பிடுவது என்று கேட்டால், பள்ளிபாளையம் சிக்கனைச் சொல்ல மாட்டேன். எனக்கு மிகவும் பிடித்த உணவு அது. ஆனால் அதன் வரமிளகாய்க் காரம் இந்த விஸ்கியின் உப்பையும் இனிப்பையும் மூடிவிடுகிறது. மணலில் வறுத்த நிலக்கடலை நன்றாகப் பொருந்துகிறது. ஒரு கடி கருப்பட்டி அதைவிட நன்று. சென்ற ஆடி முதல் நாளன்று பவானியிலிருந்து சுட்ட தேங்காய் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, மைத்துனரோடு திண்ணையில் உட்கார்ந்து உடைத்தேன். அவர் முதல் முறையாக முகர்ந்துவிட்டு, “ஏனுங்க மச்சான், இது ஆஸ்பத்திரி வாசமாட்ட அடிக்குதுங்களே” என்றார். ஓட்டின் உட்புறம் தீய்ந்த பருப்பில் ஒரு சில்லைக் கொடுத்து, அதை மென்றுகொண்டே ஒரு வாய் குடிக்கச் சொன்னேன். அவர் சிறிது நேரம் எதுவும் பேசாமல் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த சில்லைத் தானே எடுத்துக்கொண்டார். அந்தப் பாட்டில் அன்றோடு முடிந்தது. வரும் ஆடிக்கு 43 சதவீதப் பாட்டில் ஒன்றை வாங்கிவரும்படி வெளிநாடு சென்றிருக்கும் நண்பரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தேங்காய்க்கு அம்மாவின் ஊரில் சொல்லியாயிற்று.